லேடீஸ் லைன்

பிப்ரவரி 3, திங்கள்

தாரணி விமான நிலையத்தில் என் கையில் திணித்த டைரியை ஐந்து மாதம் கழித்து இன்றுதான் பிரித்தேன். "தெனமும் எழுதோணும்ப்பா. நீங்க ஊருக்கு வந்ததும் நான் படிப்பேன். பொய் எழுதக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பொய் எழுத மாட்டேன். எல்லாவற்றையும் எழுதுவேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை.

இன்று பட்டறைக்கு, எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள புதுச் சேஸ் ஒன்று வந்தது. பார்த்ததும் கை பரபரத்தது. பஸ் பாடிக்கு வயரிங் போடுவதும் ஸ்பீக்கர் வைப்பதும்தான் கரூரில் மீசை முளைத்த நாளிலிருந்து என் வேலை. அதே வேலைக்குத்தான் ஒப்பந்தம் போட்டு நைரோபிக்கு வந்திருக்கிறேன். இங்கே ஓடும் தனியார் பஸ்ஸுக்கு மட்டாட்டு என்று பேர். நம் ஊர் மினி பஸ்ஸுக்குக் கொழுப்பு ஏறினால் எப்படியிருக்கும், அப்படி. வெளியே உடம்பு முழுக்கப் படம், உள்ளே கலர் கலராக லைட், காது கிழியப் பாட்டு. பாட்டு இல்லாத வண்டியில் இளவட்டங்கள் ஏறுவதில்லை. இந்த விஷயத்தில் கரூரும் நைரோபியும் ஒன்றுதான்.

வண்டிக்குச் சொந்தக்காரர் மாமா அகோத். இங்கே மாமா என்றால் அம்மா. இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் பட்ட பாடு தனி. மார்க்கெட்டில் மீன் விற்று, பிறகு அடுத்தவர் வண்டியில் கண்டக்டராக இருந்து, ஐம்பது வயதுக்கு மேல் சொந்தமாக ஒரு வண்டி கட்டுகிறார். தன் கண்டக்டரையும் அழைத்து வந்திருந்தார். அவளும் பெண்தான். கெருபோ என்று பேர். தாரணியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். மொட்டை போட்டு ஒரு மாதம் ஆனது போல முடி. சேஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஃபுண்டி, நீங்கதான் சவுண்டு போடுறவரா?"

ஃபுண்டி என்றால் மிஸ்திரி. ஆமாம் என்றேன்.

"தகரம் அதிரணும். ஆனா வார்த்தை கேக்கணும். ரெண்டும் வேணும்."

தகரம் அதிர வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். அப்படி என்ன வார்த்தை வைத்திருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேன். மார்ச் பாதியில் வண்டி ரோட்டுக்குப் போக வேண்டுமாம்.

பிப்ரவரி 5, புதன்

குக்கர் கேஸ்கட் போய்விட்டது. சோறு அடியில் கருகி மேலே அரிசியாக இருந்தது. ரசத்தை ஊற்றி விழுங்கினேன்.

வீட்டுக்கு போன் செய்தேன், ருக்மணிதான் எடுத்தாள். தாரணி திங்கட்கிழமையிலிருந்து காலேஜுக்குப் போகவில்லையாம்.

"காய்ச்சலா?"

"காய்ச்சல் மாதிரிதானுங்க. நீங்க வேளைக்குச் சோத்தத் தின்னுங்க."

காய்ச்சல் மாதிரி என்றால் என்ன காய்ச்சல் என்று புரியவில்லை. அவளிடம் போனைக் கொடு என்றேன். தூங்கிவிட்டாள் என்றாள். அங்கே அப்போது மணி ஒன்பதுகூட ஆகியிருக்காது.

பிப்ரவரி 8, சனி

இன்று பட்டறை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது.

கூரைக்கு லைனிங் ஷீட் அடித்து முடித்த பிறகு முதலாளி கிதாவு வண்டிக்குள் ஏறினார். நல்ல மனிதர், ஆனால் சுவிட்சைக் கண்டால் கை சும்மா இருக்காது. படிக்கட்டுக்கு மேலே நான் வைத்திருந்த சின்ன சுவிட்சைத் தட்டினார். வலது பக்க ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்க, இடது பக்கம் மட்டும் ஊமையானது.

"வேலு, இது என்ன, ஒரு வண்டிக்கு ரெண்டு மூளையா?"

குழந்தைவேல் என்ற என் பேர் அவர் வாயில் நுழையாது. அவருக்கு விளக்கினேன். கரூரில் இடது பக்கம் லேடீஸ் சீட். சத்தம் அதிகம் என்று அவர்கள் கண்டக்டரிடம் முறையிடுவார்கள். டிரைவர் சத்தத்தைக் குறைத்தால் பின்னால் நிற்கும் காலேஜ் பையன்கள் கத்துவார்கள். இந்தத் தகராறு தீர இடது பக்கத்துக்கு மட்டும் தனி வயர், தனியாக ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர், பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட். சுவிட்ச் கண்டக்டர் கையில். டிரைவர் என்ன பாட்டு வைத்தாலும் இடது பக்கம் அவர் பேச்சைக் கேட்காது. லேடீஸ் லைன் என்று நாங்கள் சொல்வோம்.

"சரி, இதுல லேடீஸ் சீட் எங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே அப்படி ஒன்று கிடையாது. யாரும் எங்கேயும் உட்காரலாம். இத்தனை வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. சிரிக்காதவர்கள் இல்லை. படம் வரைகிற ஒடுவோர் ஏணியிலிருந்து இறங்கிவந்து சிரித்துவிட்டுப் போனான். பிரித்து ஒரே லைனாகப் போடு என்றார் முதலாளி. பிரித்தால் புது ஷீட் கிழியும், மெதுவாகச் செய்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை கேட்டுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் வட்டம் கட்டி நிற்பார்கள். ஒருவன் வாயாலேயே தாளம் போட, ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் வந்து மூச்சு விடாமல் பேசுவார்கள். இதுதான் ராப். பாட்டா சண்டையா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. விலக்கிவிடப் போனவன் நான். பழைய மெலடி கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஆணியை அடித்த மாதிரித்தான் இருக்கும்.

ஒடுவோர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னான். போன வருடம் அவன் பேட்டையில் மூன்று வாரம் தண்ணீர் வரவில்லை. மனு கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் அதை ராப்பாக எழுத, மட்டாட்டுகளில் ஓட ஆரம்பித்தது. அதிகாரி வீட்டுப் பிள்ளைகளே அதை முணுமுணுக்க ஆரம்பித்த பிறகு தண்ணி லாரி வந்ததாம்.

"எங்களுக்குப் பேப்பர், டிவி, சட்டசபை எல்லாம் இந்த வண்டிதான் ஃபுண்டி" என்றான்.

இவர்களிடம் ஒரு பரீட்சை இருக்கிறது. புதுப் பாட்டை ரேடியோவுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து ஓடுகிற வண்டியில் போடச் சொல்வார்கள். தன் ஸ்டாப் வந்தும் யாராவது இறங்காமல், பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பாட்டு பாஸ். எல்லாரும் அவரவர் ஸ்டாப்பில் இறங்கிவிட்டால் வீட்டுக்குப் போய் வேறு எழுத வேண்டியதுதான்.

அப்புறம் கெருபோ நடுவில் வந்தாள். மற்றவர்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். இவள் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றாள். வேகமாகத்தான் பேசினாள், ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. ஒடுவோர் சொன்ன அர்த்தத்தை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதிவைக்கிறேன்.

கூட்டம்னு சொல்லாதே, பிரேக்குனு சொல்லாதே,
கைக்குக் கண்ணில்லேன்னு கதை சொல்லாதே.
மழையில நனைஞ்சு நடந்தவ நான்,
இன்னிக்குப் படியில நிக்கறவ நான்.
நான் ஏன் இறங்கணும்? நீ இறங்கு.
சீட்டும் என்னுது, ரோடும் என்னுது, நீ இறங்கு.

கடைசி இரண்டு வரி வரும்போது வட்டத்தில் இருந்த பெண் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். புது வண்டியின் முதல் நடையில் இதுதான் ஓடப்போகிறதாம்.

நான் எழுந்து வேலைக்குப் போனேன். சாலிடரிங் வைக்கும்போது அந்த வரி வாயில் வந்துகொண்டே இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வந்து மறுபடி நனைத்தது.

தாரணி இனி காலேஜுக்குப் போக மாட்டாளாம், ருக்மணி போனில் சொன்னாள். வீட்டிலிருந்தபடியே தபாலில் படிக்கிறேன் என்கிறாளாம். பிளஸ் டூவில் அவள் வாங்கிய மார்க்குக்கு அந்த காலேஜில் இடம் கிடைத்தபோது இனிப்பு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தவன் நான். எனக்கு வந்த கோபத்தில் போனிலேயே கத்தினேன்.

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டனுங்க. பஸ்ஸு ஒத்துக்கலைங்கறா."

"ரெண்டு வருசமா ஒத்துக்கிட்ட பஸ்ஸு இப்ப என்ன ஒத்துக்கல?"

"எனக்கென்னுங்க தெரியும். வாயத் தொறக்க மாட்டீங்கறா. நீங்க அங்க இருந்துக்கிட்டுக் கத்துனா ஆச்சா? நாலு பேருக்குத் தெரியற மாதிரி இதப் பெருசு பண்ணாதீங்க."

எதை என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 19, புதன்

தகரத்தை அதிர வைக்கிற வூஃபர் பெட்டி இரண்டும் பொருத்தியாகிவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பட்டறைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியவில்லை. கெருபோ வந்து சவுண்டு சரிபார்க்க வேண்டும் என்றாள். வண்டிக்குள் அவள் பாட்டைப் போட்டோம். வார்த்தை தெளிவாகக் கேட்டது. வேலை சுத்தம் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது தினமும் மட்டாட்டில்தான் போவாள். ஒருநாள் பக்கத்தில் இருந்தவன் கை வைத்தான். இவள் அறைந்துவிட்டாள். வண்டியே திரும்பிப் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்டக்டர் வந்து, "பிரச்சினை பண்ணாதே, முதல்ல வண்டி போகட்டும், நீ இறங்கு" என்றான். கொட்டுகிற மழையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவன் அதே சீட்டில் உட்கார்ந்து போனான்.

"அதுக்கப்புறம் ஸ்கூலுக்குப் போகல. அந்த வருசமே போச்சு. அம்மா கேட்டாங்க, வண்டி ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன்."

என் கையில் இருந்த டெஸ்டர் கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன ஆகும் ஃபுண்டி? வெளிய போகாதேன்னுவாங்க. அதுக்கு நானே போகாம இருந்துட்டுப் போறேன்." செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, "அடிச்சதுல தப்பில்ல. இறங்கினேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் இன்னும் எரியுது" என்றாள்.

பிப்ரவரி 24, திங்கள்

ருக்மணியிடம் பேசவில்லை. நேராக தாரணியின் நம்பருக்கே போன் செய்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. இங்கே கெருபோ என்று ஒரு பெண் இருக்கிறாள் என்று ஆரம்பித்து, அவள் மழையில் இறங்கி நடந்ததைச் சொன்னேன். அப்புறம் செல்லில் பிடித்துவைத்திருந்த பாட்டைப் போட்டு, அதன் அர்த்தத்தையும் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"கண்ணு?"

"நானும் கத்துனேன்ப்பா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பின்னால நின்னவனப் பாத்துக் கத்துனேன். கண்டக்டரு திரும்பிப் பாத்தாரு. பாத்துப்போட்டு, டிரைவர்கிட்டச் சைகை காட்டிப் பாட்ட எச்சா வெக்கச் சொல்லிட்டாரு. நாங் கத்துனது எனக்கே கேக்கலப்பா. அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிட்டேன்."

கரூரில் ஓடுகிற பஸ்களில் பாதிக்காவது என் கை பட்டிருக்கும். அந்தச் சத்தம் எந்த வயர் வழியாக வரும் என்று எனக்குத் தெரியும். பாட்டு போட்டால் ஜனங்கள் களைப்பு தெரியாமல் போவார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"நீ ஒரு தப்பும் பண்ணுல கண்ணு" என்றேன். அவள் அழுதாள். நானும்தான். தாரணி, இதை நீ படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று நடந்தது எதுவும் நன்றாக இல்லை.

வழித்தடச் சங்கத்தின் சேர்மன் வண்டியைப் பார்க்க வந்தார். இந்தச் சங்கம் ஸ்டாண்டில் வரிசை கொடுத்தால்தான் வண்டி ஆள் ஏற்ற முடியும். நல்ல கோட்டு, மெதுவான குரல். சீட்டைத் தடவிப் பார்த்தார், லைட்டைப் பாராட்டினார். முதல் நடைக்கு என்ன பாட்டு என்று கேட்டார். கெருபோ போட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு அவரே நிறுத்தினார்.

"இது எங்க ஸ்டாண்டுப் பசங்களைத் திட்டுற பாட்டு."

"யார் பேரும் சொல்லலையே" என்றாள் கெருபோ.

"அதான் பிரச்சினை. பேர் சொன்னா ஒருத்தனுக்குத்தான் கோவம் வரும். சொல்லாட்டி ஒவ்வொருத்தனும் தன்னைத்தான்னு நினைப்பான்."

இந்தப் பாட்டு ஓடினால் வண்டிக்கு வரிசை கிடையாது என்று மாமா அகோத்திடம் சொல்லிவிட்டார். முதல் நடையில் சங்கத்து ஆள் ஒருவன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவான், அவன் கொண்டுவருகிற பாட்டுத்தான் ஓட வேண்டும். எங்கள் முதலாளி தலையை ஆட்டினார். அவருக்கு அடுத்த வண்டி ஆர்டர் சங்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

சேர்மன் போன பிறகு மாமா அகோத் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். "என் ஆயுசு முழுக்க இந்த வண்டிக்குள்ள இருக்கு கெருபோ. முதல்ல வண்டி ஓடட்டும். உன் பாட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

கெருபோ குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கும் இதையேதான் சொன்னாங்க மாமா. முதல்ல வண்டி போகட்டும்னு."

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அவருக்கும் கஷ்டம்தான்.

மார்ச் 7, வெள்ளி

லேடீஸ் லைனைப் பிரித்தாயா என்று முதலாளி கேட்டார். நேரம் கிடைக்கவில்லை. காலையில் ஹெட்லைட் ரிலே மாற்றினேன். பிறகு வைப்பர் மோட்டார். பிறகு ஹாரன். ஹாரன் நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டினேன். குட்டி ஆம்ப் பழசாக இருந்தது, அதற்குக் கொஞ்சம் நல்லதாக ஒன்று போட்டேன். பட்டறையில் சும்மா கிடந்ததுதான்.

மத்தியானம் கெருபோ படிக்கட்டுக்கு மேலே பார்த்து, "இது என்ன சுவிட்ச்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எங்க ஊர்ப் பழக்கத்துல போட்டது. கீழ தள்ளினா இடது பக்கம் டிரைவர் சொன்னபடி பாடும். மேல தள்ளினா இந்தச் சாக்கெட்ல என்ன மாட்டியிருக்கோ அதைப் பாடும். செல்லு, மைக்கு, ரெண்டையும் சேத்தே மாட்டலாம்."

அவள் என்னையே பார்த்தாள். "இதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

"நீ கேட்ட, நான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஹாரனைப் பார்க்கப் போனேன்.

மார்ச் 12, புதன்

ஒடுவோர் வண்டியின் பின்பக்கம் முழுக்க ஒரு பெண்ணின் முகம் வரைந்திருக்கிறான். கண் நேராகப் பின்னால் வருகிறவனைப் பார்க்கிறது. நம் ஊரில் மயில் போடுவோம் என்றேன். மயிலையும் ஓரத்தில் சின்னதாக வரைந்து கொடுத்தான். மயிலுக்குக் கொஞ்சம் கோழிச் சாயல் வந்துவிட்டது. சொல்லவில்லை.

எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தேன்.

மார்ச் 15, சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாரியம்மனை நினைத்துக் கும்பிட்டு, வண்டியை ஏற்றி நசுக்கச் சொன்னேன். "இது எதிரிக்கா?" என்று கெருபோ கேட்டாள். "திருஷ்டிக்கு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

ஸ்டாண்டில் ஆள் ஏற்றியபோது வண்டி நிறைந்துவிட்டது. புது வண்டியைப் பார்க்க வந்த இளவட்டங்கள், மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்கள், ஆஸ்பத்திரி யூனிஃபார்மில் இரண்டு பேர். மாமா அகோத் முன் சீட்டில். நான் கடைசி சீட்டில். சங்கத்து ஆள் டிரைவருக்குப் பக்கத்தில் தன் பென் டிரைவைச் சொருகிவிட்டு, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டான். ஏதோ ஒரு குலுக்கல் பாட்டு ஓடியது. வண்டி பெரிய ரோட்டுக்கு வந்தது.

கெருபோ டிக்கெட் கொடுத்து முடித்தாள். படிக்கட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. செல்லையும் மைக்கையும் மாட்டி, சுவிட்சை மேலே தள்ளினாள்.

இடது பக்கம் குலுக்கல் பாட்டு நின்று, வெறும் தாளம் மட்டும் வந்தது. அப்புறம் மைக்கில் அவள் குரல். சங்கத்து ஆளுக்கு முதலில் புரியவில்லை. கேபின் ஸ்பீக்கரில் அவன் பாட்டுத்தானே ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் இடது பக்கம் திரும்பியதைப் பார்த்துத்தான் அவனுக்கு உறைத்தது. பென் டிரைவைப் பிடுங்கினான். வலது பக்கம் செத்தது. இப்போது வண்டியில் கெருபோ மட்டும்தான் கேட்டாள். அவன் பிளேயர் வயரையே பிய்த்தான். அவள் குரல் இன்னும் தெளிவானது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவன் சீட்டைத் தாண்டிப் பின்னால் வந்து மைக்கைப் பிடுங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. "வண்டியை நிறுத்து" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினான். டிரைவர் பயந்து ஓரம் கட்டினார். அவன் கதவைத் திறந்து ரோட்டைக் காட்டினான்.

"பிரச்சினை பண்ணாதே. நீ இறங்கு."

அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மைக்கை இறக்கவில்லை. ஆனால் பாட்டு நின்றுவிட்டது. மழை நாளுக்கே போய்விட்டாள் என்று எனக்குப் பட்டது. நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்வதாக இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

நான் போவதற்குள் இடது பக்கம் மூன்றாவது சீட்டில், மடியில் கீரைக் கட்டோடு இருந்த ஒரு பெண், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள்.

"அவ ஏன் இறங்கணும்? நீ இறங்கு."

அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் போட்ட பெண். அப்புறம் வலது பக்கமும். அவர்கள் பாடவில்லை, சொன்னார்கள். சொல்லச் சொல்லத் தாளத்துக்குள் வந்துவிட்டது. பின்னால் நின்ற பையன்கள் சீட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். தகரம் அதிர்ந்தது. என் வூஃபருக்கு அங்கே வேலையே இல்லை.

சங்கத்து ஆள் மாமா அகோத்தைப் பார்த்து, "உன் வண்டிக்கு இனி வரிசை இல்ல, தெரியும்ல?" என்றான். அந்த அம்மா மெதுவாக எழுந்தார். கெருபோவைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என் வண்டியில யார் இறங்கணும்னு நான்தான் சொல்லணும்" என்றார். "நீ இறங்கு. டிரைவர், வண்டியை எடு."

அவன் இறங்கினான். கெருபோ கதவைச் சாத்தி, வண்டி உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். போகலாம் என்று அர்த்தம். பிறகு பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் ஸ்டாப் வந்தது. யாரும் இறங்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. கீரைக்காரப் பெண்ணைப் பார்த்து, உங்க ஸ்டாப் போயிடுச்சே என்று கெருபோவே கேட்டாள். "தெரியும், நீ பாடு" என்றாள் அவள். கடைசி ஸ்டாப் வரைக்கும் வண்டி நிறைந்தேதான் போனது.

பாட்டு பாஸ்.

மார்ச் 17, திங்கள்

சங்கம் வரிசை கொடுக்கவில்லை. மாமா அகோத்தின் வண்டி ஸ்டாண்டுக்குள் போக முடியாமல் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஸ்டாண்டிலிருந்து அங்கே நடக்க வேண்டும். ஒடுவோர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பெண்கள் நடந்துவந்து ஏறுகிறார்களாம். எத்தனை நாளுக்கு என்று தெரியாது. சேர்மன் விடுகிற ஆள் இல்லை, கெருபோவும் விடுகிறவள் இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "பிரிக்கச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"வேணும்னே விட்டியா?"

"நேரம் கிடைக்கல சார்."

அவருக்கும் இரண்டு மகள்கள். கடைசியில், அடுத்த வண்டிக்கு ஒரே லைன்தான், புரிந்ததா என்றார். புரிந்தது என்றேன்.

சாயங்காலம் கெருபோ வந்தாள். இன்னொரு வண்டியில் கண்டக்டராக இருக்கிற பெண்ணைக் கூட்டிவந்திருந்தாள். ஓடுகிற வண்டியில் லேடீஸ் லைன் போட முடியுமா என்று கேட்டார்கள். பட்டறையில் முடியாது, ஞாயிற்றுக்கிழமை வண்டியை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

ருக்மணி அவளாகவே போன் செய்தாள். முதல் நடையில் நான் செல்லில் பிடித்து அனுப்பிய வீடியோவைத் தாரணியோடு உட்கார்ந்து பார்த்தாளாம். பாஷை புரியவில்லை, ஆனால் புரிந்தது என்றாள்.

"ஏனுங்க, பெருசு பண்ணாதீங்கன்னு அன்னைக்குச் சொன்னன்ல. எனக்குப் பயமுங்க. அதான் சொன்னேன்."

"தெரியும்."

"தாரணி அல்லாத்தையும் எங்கிட்டச் சொன்னா. இன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனனுங்க. அந்தக் கண்டக்டரக் கண்டுபுடிச்சு, அத்தன சனத்துக்கு முன்னால நிக்க வெச்சுக் கேட்டுப்போட்டேன். அல்லாரும் பாத்தாங்க. பாக்கட்டும். போலீஸ்லயும் எழுதிக் குடுத்தாச்சு."

இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளை இன்றுதான் சரியாகப் பார்த்த மாதிரி இருந்தது. தாரணி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். காலேஜ் பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

மார்ச் 24, திங்கள்

புது கேஸ்கட் வாங்கினேன். சோறு பதமாக வந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செல்லில் தாரணியிடமிருந்து ஒரு செய்தி. அங்கே அப்போது முதல் வகுப்பு தொடங்கியிருக்கும்.

"அதே பஸ்ஸுதான்ப்பா. காலேஜ் ஸ்டாப்புலதான் எறங்குனேன்."